சொல்லுக்குச் சொல் அல்ல, வாக்கியத்துக்கு வாக்கியம்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் ஏறிப் பேச எனக்கு என்ன தகுதி என்று யோசித்துக்கொண்டுதான் வந்தேன். நம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இரண்டு இருப்பது உங்களுக்குத் தெரியும். கி.பி. 919-இல் பொறித்த முதல் கல்வெட்டு, வாரியத்துக்குப் பெயர் எழுதிப் போடுவதற்கு வயது 30-க்கு மேல், 60-க்குள் என்கிறது. இரண்டே வருஷத்தில், 921-இல், அதைத் திருத்தி 35-க்கு மேல், 70-க்குள் என்று ஆக்கிவிட்டார்கள். எனக்கு இப்போது 36. திருத்திய விதியிலும் மயிரிழையில் தேறிவிட்டேன். "சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கா?" என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள்!

செயலாளர் தொலைபேசியில், "மாணவர்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுங்க" என்றார். நான் எலெக்ட்ரிக்கல் படித்தவன். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை. என் தொழிலைப் பற்றிப் பேசலாம். ஆனால் அந்தத் தொழிலுக்குள்ளேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது மின்சாரம் அல்ல, மொழி. ஆங்கிலமும் சீனமும். ஆகவே அந்த இரண்டு மொழிகளின் சொற்களை நம்மைப் போல கிராமத்திலிருந்து வந்தவர்கள் எப்படிப் பிடிக்கலாம் என்பதைப் பற்றி, எனக்குத் தெரிந்த அளவில் சொல்ல விரும்புகிறேன். நான் சீன மொழிப் பண்டிதன் அல்ல. வேலைக்கு வேண்டிய அளவு பேசுவேன், பாதி அளவு படிப்பேன், அவ்வளவுதான்.

"சீன மொழி நமக்கு எதுக்கு சார்?" என்று ஒரு தம்பி கேட்கலாம். நியாயமான கேள்வி. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கொரியாக்காரர்களின் கார் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிய நாளிலிருந்து, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் வேறு முகம் எடுத்துவிட்டது. கொரியா, ஜப்பான், தைவான், சீனா என்று பல நாட்டு முதலீடுகளும் இயந்திரங்களும் வந்து இறங்கின. நம் கல்லூரியில் படித்து முடித்தவர்களில் எத்தனையோ பேர் அந்தப் பேருந்துகளில்தான் ஷிஃப்டுக்குப் போகிறோம். தைவான்காரர்கள் எழுத்தைப் பழைய வடிவில் எழுதினாலும், பேசுவது பெரும்பாலும் மாண்டரின் சீனமே. இயந்திரத்தோடு வரும் கையேடு சீனத்தில் இருக்கும். அதன் கூடவே ஒரு ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கும். அந்த ஆங்கிலம் சில சமயம் ஆங்கிலக்காரனுக்கே புரியாது.

2020-இல் கொரோனா வந்தது. பயணம் நின்றது. அதே ஆண்டு எல்லைத் தகராறுக்குப் பிறகு விசாவும் கடினமாயிற்று. இயந்திரம் கப்பலில் வந்துவிட்டது, அதை நிறுவித் தரவேண்டிய ஆள் வர முடியவில்லை. கையேட்டையும் கைப்பேசித் திரையையும் வைத்துக்கொண்டு நாங்களே நிறுவ வேண்டியிருந்தது. அப்போதுதான் ஒரு சொல் ஆளையே கொல்லக்கூடும் என்பது எனக்கு உறைத்தது.

ஒரு கன்ட்ரோல் பேனலைத் திறந்து வேலை பார்க்க வேண்டும். கையேட்டின் ஆங்கில வரி இது: "க்ளோஸ் த பவர் பிஃபோர் ஓப்பன் த கவர்." எங்கள் எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர், இருபது வருஷ அனுபவசாலி, கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், க்ளோஸ் பண்ணுன்னு போட்டிருக்கு. பிரேக்கரைப் போடணுமா, எடுக்கணுமா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க அண்ணே?"

"நம்ம பாஷையில பிரேக்கர் க்ளோஸ்னா கரன்ட் வருதுன்னு அர்த்தம். மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடி எவனாவது கரன்டைப் போடச் சொல்லுவானா? எனக்கு ஒப்பல சார்."

அவர் பிரேக்கரை எடுத்து, பூட்டுப் போட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் மூடியில் கை வைத்தார். அந்த நிதானத்துக்கு இந்த மேடையிலிருந்து ஒரு கும்பிடு. ஆனால் அதே இடத்தில் டிப்ளமோ முடித்து ஆறு மாதமே ஆன ஒரு பையன் நின்றிருந்தால்?

பிறகு சீன வரியை எடுத்துப் பார்த்தோம். "ஷியென் குவான் தியென்யுவான், ட்சாய் தாகாய் காய்ட்ஸ." முதலில் மின்சாரத்தை அணை, பிறகு மூடியைத் திற. சீன வரியில் துளியும் குழப்பம் இல்லை. அகராதியில் 'குவான்' என்ற சொல்லுக்கு நேரே முதலில் இருப்பது 'க்ளோஸ்', அதாவது மூடு. யாரோ ஒருவர் சொல்லுக்குச் சொல் எடுத்து வைத்துவிட்டார். கதவுக்குச் சரியாக இருக்கும் 'க்ளோஸ்', மின்சாரத்துக்கு வரும்போது நேர் எதிராகத் திரும்பிவிடுகிறது.

இதற்கு ஜோடியான சொல் 'காய்'. அகராதியில் 'ஓப்பன்', திற. "காய் மன்" என்றால் கதவைத் திற. "காய் தெங்" என்றால் விளக்கைப் போடு. "காய் சே" என்றால் வண்டி ஓட்டு. "காய் ஹுவே" என்றால் கூட்டம் நடத்து. "ஷுவே காய் லெ" என்றால் தண்ணீர் கொதிச்சாச்சு! ஒரே 'காய்'தான். 'காய் என்றால் திற' என்று நூறு முறை எழுதி மனப்பாடம் செய்தவன், தண்ணீர் கொதித்தால் குழாயைத் திறக்கப் போவான். இந்த ஐந்து வாக்கியங்களையும் தமிழ் வாக்கியங்களோடு ஜோடியாகப் படித்தவனுக்கு, எந்தப் பொருள் பக்கத்தில் வந்தால் எந்த அர்த்தம் என்று தானாகவே பிடிபட்டுவிடும்.

இன்னொரு விஷயம். பிரேக்கரைப் போடுவதற்கும் எடுப்பதற்கும் சீன எலெக்ட்ரீஷியன்கள் இந்தக் காய், குவான் இரண்டையும் நம்புவதில்லை. 'ஹ' என்றால் சேர்ப்பது, 'ஃபென்' என்றால் பிரிப்பது. அந்தச் சொற்களே பேனலில் இருக்கும். தொழிலுக்கென்று தனிச் சொல்லை அவர்கள் வைத்திருக்கிறார்கள். 'ஸ்விட்சைப் போடு', 'குழாயைத் திற' என்று நாமும் தனித்தனியாகத்தான் சொல்கிறோம். தொழில் தெரிந்தவன் எந்த நாட்டிலும் ஒரே மாதிரி ஜாக்கிரதையாக இருக்கிறான். நடுவில் சொற்பட்டியல் புகுந்துதான் குழப்புகிறது.

ஆங்கிலத்துக்கும் இதே கதைதான். நான் தமிழ்வழியில் படித்து வந்தவன். பத்தாம் வகுப்பு வரை 'சொல் – பொருள்' என்று இரண்டு பத்தி போட்டு எழுதாத நோட்டு கிடையாது. எக்ஸ்ப்ளெயின் – விளக்கு. டிஸ்கஸ் – விவாதி. ரன் – ஓடு. எல்லாம் சரிதான். ஆனால் நேர்முகத் தேர்வில் வாயைத் திறந்தால் "எக்ஸ்ப்ளெயின் மீ" என்று வரும். "எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ" என்பதை எந்தப் பட்டியல் சொல்லித்தரும்? "டிஸ்கஸ் அபவுட் த ப்ராப்ளம்" என்போம். 'டாக்' என்ற சொல்லுக்கு 'அபவுட்' வேண்டும், 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்கு வேண்டாம். "டீசல் ரன் அவுட் ஆயிடுச்சு" என்று ஒருவர் சொன்னால், 'ரன்' என்றால் ஓடு என்று மட்டும் படித்தவனுக்கு டீசல் எங்கே ஓடியது என்றுதான் கேட்கத் தோன்றும். சொல் தெரியும், அதன் சுற்றம் தெரியாது. நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வரவில்லை என்கிறார்களே, பல பேருக்குச் சொற்கள் வந்திருக்கின்றன. வாக்கியம்தான் வந்து சேரவில்லை.

இதை ஒரு ஆசிரியர் அன்றைக்கே கண்டுகொண்டார். டாக்காவில் பல ஆண்டுகள் கல்விப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கப் படும் பாட்டை நேரில் பார்த்தவர். 1953-இல் சுமார் 2,000 அடிப்படைச் சொற்களை அவர் தொகுத்து வெளியிட்டார். அதன் சிறப்பு எண்ணிக்கை அல்ல. ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பொருளில் எத்தனை சதவீதம் வருகிறது என்று பிரித்து, எடுத்துக்காட்டோடு கொடுத்தார். 2,000 சொற்களை முறையாகப் பிடித்தால், அன்றாட ஆங்கிலத்தின் பெரும்பகுதி கைக்குள் வந்துவிடும்.

இப்போது நான் ஆசையாகச் சொல்ல வந்த பகுதி. சீனத்தை ஆங்கிலம் வழியாகத்தான் படிக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் கடைகளில் கிடைத்த ஆங்கிலப் புத்தகங்களில்தான் தொடங்கினேன். போகப்போக ஒன்று தெரிந்தது. பல இடங்களில் சீனத்துக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ்தான் பக்கத்தில் நிற்கிறது.

"நீ வர்றியா?" என்பதற்குச் சீனத்தில் "நீ லாய் மா?" என்பார்கள். 'நீ' என்றால் அங்கேயும் நீதான்! இது தற்செயல், உடனே இரண்டு மொழிக்கும் உறவு கொண்டாடிக் கட்டுரை எழுதிவிட வேண்டாம். ஆனால் நினைவில் நிற்க உதவுகிறதே! கேள்விக்கு நாம் கடைசியில் 'ஆ' சேர்க்கிறோம், அவர்கள் கடைசியில் 'மா' சேர்க்கிறார்கள். ஆங்கிலக்காரர்தான் வாக்கியத்தையே புரட்டிப் போடுகிறார். பெரியவரிடம் பேசும்போது 'நீ' அங்கே 'நின்' ஆகும், நமக்கு 'நீங்கள்' போல. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ'.

அண்ணன் என்றால் 'க-க', தம்பி என்றால் 'தீ-தி', அக்கா 'ஜியே-ஜியெ', தங்கை 'மே-மெய்'. ஆங்கிலத்தில் 'பிரதர்' என்று எழுதி வைத்தால், அண்ணனா தம்பியா என்பது அங்கேயே தொலைந்துபோகும். எதிரில் இருப்பவரையும் சேர்த்துச் சொல்லும் 'நாம்' என்பதற்கு, வடசீனப் பேச்சில் 'ட்சாமன்' என்று தனிச் சொல்லே இருக்கிறது. பொதுவாக வழங்குவது 'வோமன்'. ஆங்கில 'வீ'யில் இந்த நுட்பத்துக்கு இடமே கிடையாது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது இது. "சி ஃபான் லெ மா?" சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'சோறு தின்றாயிற்றா?' அதாவது, "சாப்பிட்டாச்சா?" பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் அதுதான் அவர்களுக்குக் குசல விசாரிப்பு. நம் ஊர்த் தெருவில் காலையில் நடந்தால் நாலு திண்ணையிலிருந்து வருவதும் அதே கேள்விதானே! அந்த 'லெ' இருக்கிறதே, பல இடங்களில் அது நம்ம 'ஆச்சு' மாதிரி. ஆங்கில இலக்கணப் புத்தகம் அதை விளக்கப் பல பக்கம் எடுத்துக்கொள்ளும். "சாப்பிட்டாச்சா?", "மழை வந்தாச்சு" என்ற இரண்டு தமிழ் வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்தால், நமக்கு முக்கால்வாசி புரிந்துவிடும். ஆகவே தம்பிகளே, நோட்டில் முதல் பத்தி தமிழாக இருக்கட்டும். தாய்மொழி தடைக்கல் இல்லை, அதுதான் ஏணி.

இப்படி இரண்டு மொழியை அருகருகே வைப்பது நமக்குப் புதிதும் இல்லை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்ற ஊர் இருக்கிறது. பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் சமஸ்கிருதப் பகுதியும் உண்டு, தமிழ்ப் பகுதியும் உண்டு.

தமிழும் சீனமும் ஒரே கல்லில் இருப்பதைப் பார்க்க வேண்டுமானால், கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ இலங்கைக்குக் கொண்டுவந்த, 1409-ஆம் ஆண்டு தேதியிட்ட கல் அங்கே இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் அதில் உண்டு. 1911-இல் காலி நகரத்தில் ஒரு மதகுக்கு மூடுபலகையாகக் கிடந்ததை ஒரு பொறியாளர்தான் கண்டெடுத்தார் என்பதில், நம் ஜாதிக்கே, அதாவது பொறியாளர் ஜாதிக்கே, ஒரு சின்னப் பெருமை!

அந்தக் கல்லில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. மூன்று மொழியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி காணிக்கைப் பட்டியல்: பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய். ஆனால் சீனப் பகுதி அதைப் புத்தருக்குப் படைக்கிறது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்குப் படைக்கிறது. பாரசீகப் பகுதி அல்லாவைப் போற்றுகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்க்கவில்லை. படிக்கிறவன் யார் என்று பார்த்து, அவனவன் வழக்கில் அதே செயலைச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல ஜோடி வாக்கியத்துக்கு இதுதான் இலக்கணம்.

சரி, நடைமுறைக்கு வருவோம். நான் செய்துவருவதைச் சொல்கிறேன், பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

நூறு பக்க நோட்டு ஒன்று போதும். பக்கத்துக்கு மூன்று பத்தி: தமிழ், ஆங்கிலம், சீனம். சீனம் வேண்டாம் என்பவர்கள் இரண்டு பத்தி போட்டுக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். ஒரு வாக்கியத்தில் ஒரு புதுச் சொல்தான் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் தெரிந்த சொல்லாக இருக்கட்டும். வாக்கியம் உங்கள் வாயில் நாளைக்கே வரப்போகிற வாக்கியமாக இருக்கட்டும். "சிங்கம் காட்டின் அரசன்" என்பதை எந்த ஷிஃப்டில் போய்ச் சொல்வீர்கள்? "இந்த போல்ட் லூஸா இருக்கு", "ரெண்டாம் நம்பர் மோட்டார் சூடாகுது", "நாளைக்கு எனக்கு லீவு வேணும்" – இவைதான் உங்கள் வாக்கியங்கள்.

எழுதிய பிறகு தமிழ்ப் பத்தியை மட்டும் பார்த்து, மற்றதைக் கையால் மூடிக்கொண்டு, சத்தமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். மறுநாள் ஒரு தடவை, மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று ஜெர்மானியர் எபிங்ஹாஸ் 1885-லேயே அளந்து எழுதிவைத்தார். மறக்கப்போகிற நேரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் சொல் எழுந்து உட்கார்ந்துவிடும்.

சீனத்துக்கு ஒரு எச்சரிக்கை. தமிழ் எழுத்தில் எழுதிப் படிப்பது தொடக்கத்துக்கு மட்டும்தான். "வோ மாய் மீ" என்று எழுதினால் அது 'நான் அரிசி வாங்குகிறேன்' என்றும் இருக்கலாம், 'விற்கிறேன்' என்றும் இருக்கலாம். 'மாய்' என்பதைத் தணித்து வளைத்துச் சொன்னால் வாங்குவது. மேலிருந்து கீழே வெட்டிச் சொன்னால் விற்பது. வியாபாரமே தலைகீழ்! ஆகவே ஒவ்வொரு வாக்கியத்தையும் சீனர் ஒருவர் சொல்லக் காதால் கேட்டு, பாட்டைப் பிடிப்பது போல ராகத்தோடு பிடிக்க வேண்டும்.

எத்தனை சொல் வேண்டும் என்று மலைக்க வேண்டாம். 2010-இல் வந்த எச்.எஸ்.கே. என்ற சீனத் தேர்வு முறையில் முதல் நிலைக்கு 150 சொற்கள், ஆறாம் நிலைக்கு 5,000. 2021-இல் வெளியிட்ட புதிய தர அளவீட்டில் ஒன்பது நிலைக்குமாக 11,092 சொற்கள். பெரிய எண்ணைப் பார்த்துப் பயப்படாமல் 150-இல் தொடங்குங்கள். நாளைக்கு ஐந்து வீதம் முப்பது நாள் கணக்கு.

"கைப்பேசியே மொழிபெயர்த்துத் தருதே சார், அப்புறம் எதுக்கு இந்தக் கஷ்டம்?" இந்தக் கேள்வியும் வரும். நானும் கைப்பேசியைப் பயன்படுத்துகிறவன்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கருவியே எப்படிக் கற்றுக்கொண்டது? 1990-களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர்கள், கனடா நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகளின் ஆங்கில, பிரெஞ்சு வாக்கியங்களை லட்சக்கணக்கில் ஜோடி சேர்த்துத்தான் கணினிக்கு மொழிபெயர்ப்பைப் பழக்கினார்கள். கணினியே ஜோடி வாக்கியத்தில்தான் படித்திருக்கிறது! தமிழுக்கும் சீனத்துக்கும் நேரடியான ஜோடி வாக்கியங்கள் மிகக் குறைவு. அதுவும் பேனல், பிரேக்கர், வால்வு என்று வந்தால் இன்னும் குறைவு. கருவி சொன்னது சரியா தப்பா என்று முடிவு செய்ய, அங்கே நிற்கும் மனிதனுக்குக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். எங்கள் எலெக்ட்ரீஷியன் அண்ணனுக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது. ஆனால் வாக்கியம் வேலைக்கு ஒத்துவருகிறதா என்று கேட்கத் தெரிந்தது.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. முன்னாள் மாணவர்களில் இயந்திரம், மின்சாரம், கட்டடம், கணக்கு, மருத்துவமனை என்று எல்லாத் துறையிலும் ஆட்கள் இருக்கிறோம். சிங்கப்பூரில் இருப்பவர்கள் தமிழும் சீனமும் ஒரே பலகையில் எழுதியிருக்கும் ஊரில் தினமும் நடமாடுகிறார்கள். 'அபாயம்' என்பதற்குச் சீனத்தில் 'வெய்ஷியென்' என்று அந்தப் பலகையைப் பார்த்தே கற்றவர்கள் அவர்கள். ஆளுக்குப் பத்து வாக்கியம் கொடுங்கள். வேலையில் உண்மையாகவே பேசுகிற வாக்கியம். முப்பது பேர் கொடுத்தால் முந்நூறு. முதல் ஐம்பது பாதுகாப்பைப் பற்றியதாக இருக்கட்டும். தமிழ், ஆங்கிலம், சீனம் தெரிந்தவர்களைக் கொண்டு சரிபார்த்து, சட்டைப்பையில் வைக்கிற அளவில் சிறு புத்தகமாக அச்சிட்டு, இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவர் கையிலும் கொடுப்போம். அச்சுச் செலவில் என் பங்கை இன்றே செயலாளரிடம் கொடுத்துவிடுகிறேன். பத்து வாக்கியமும் தயாராகப் பையில் இருக்கிறது. அதில் முதல் வாக்கியம்: "முதலில் மின்சாரத்தை அணை, பிறகு மூடியைத் திற."

மாணவத் தம்பி தங்கைகளே, மொழி பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு வாக்கியத்தை உங்களுடையதாக ஆக்கிக்கொள்ளுங்கள். அது தன் பின்னால் இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வரும். இன்று மதியம் விருந்தில் என்னைப் பார்க்கிறவர்கள் "சி ஃபான் லெ மா?" என்று கேளுங்கள். "சி லெ" என்று நான் பதில் சொன்னால் சாப்பிட்டாச்சு என்று அர்த்தம். சொல்லாவிட்டால், எனக்கும் ஒரு இலை போடச் சொல்லுங்கள்!